280 குதிரையும் ஒரு ஜென்டில்மேன் ஒப்பந்தமும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கார் பிடிக்காதவங்களும் படிக்கலாம். இதுல வரி, சட்டம், அரசாங்கம், மாட்டுக்கொட்டகை எல்லாம் உண்டு. டிரைவிங் லைசென்ஸ் தேவையில்லை. :-)

1990களில் ஜப்பானில் விற்ற வேகமான கார்களின் விளம்பரத் தாள்களை வரிசையா அடுக்கிப் பாருங்க. நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், 280 குதிரைத்திறன். டொயோட்டா சுப்ரா, 280. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 4, அதுவும் 280. சுபாரு இம்ப்ரெஸா எஸ்டிஐ, 280. மஸ்டா ஆர்எக்ஸ்-7 கொஞ்சம் கொஞ்சமா ஏறி 1999ல அதே 280ல வந்து நின்னுடுச்சு. இதுல ஒண்ணு 3 லிட்டர், ஒண்ணு 2.6 லிட்டர், ரெண்டு கார் 2 லிட்டர், மஸ்டாவில் பிஸ்டனே கிடையாது. ஒரே பெஞ்சுல உட்கார்ந்து பரீட்சை எழுதின அஞ்சு பேரும் 280 மார்க் வாங்கினா வாத்தியார் என்ன நினைப்பார்? அதேதான் இங்கேயும். :-)

பழைய ஜப்பான் டர்போ காரை வாங்கி, கையில இருக்கற காசுக்குள்ள அதை வேகமாக்கணும்னு திட்டம் போடறவங்க எல்லாருமே இந்த 280 என்ற எண்ணுக்குக் கடன்பட்டவங்க. அந்த எண் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா, காசை முதல்ல எங்கே போடணும்கிறதும் தெரிஞ்சிடும். அதான் இந்தப் பதிவு.

வரியில ஆரம்பிச்ச கதை

ஜப்பானில் கார் வரி என்ஜின் கொள்ளளவை வெச்சுப் போடறாங்க. 1989க்கு முன்னாடி ஒரு கார் 2000 சிசியைத் தாண்டினா ஆண்டு வரி கிட்டத்தட்ட இரண்டு மடங்கா எகிறும். அதனால நடுத்தரக் குடும்பத்துக்கு விற்கணும்னா 2000 சிசிக்குள்ள அடங்கணும். அதுக்குள்ள அடங்கிக்கிட்டே பெரிய என்ஜின் மாதிரி ஓடணும்னா என்ன வழி? காத்தை அமுக்கி உள்ளே அனுப்பறதுதான்.

டர்போ செய்யற வேலை இவ்வளவுதாங்க. புகைக்குழாய் வழியா வீணாப் போற சூடான காத்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுத்தும். அதே தண்டுல மறுமுனையில இருக்கற இன்னொரு சக்கரம் வெளிக்காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளும். காத்து கூடினா பெட்ரோலும் கூட எரிக்கலாம், சக்தியும் கூடும். அழுத்தம் ஒரு அளவுக்கு மேல போகாம இருக்க வேஸ்ட்கேட்னு ஒரு கதவு இருக்கும். அந்தக் கதவை எப்போ திறக்கணும்னு சொல்றது ஒரு ரப்பர் டியூபில் போற காத்தழுத்தம்தான். இந்த ரப்பர் டியூபை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

ஜப்பானின் முதல் டர்போ பயணிகள் கார் 1979 டிசம்பரில் வந்தது. நிஸான் செட்ரிக், குளோரியா. ரெண்டுமே பெரிய மனுஷங்க போற கார்கள். பெட்ரோல் நெருக்கடி முடிஞ்சும் முடியாத காலம். வேகத்தைக் கூட்டறோம்னு சொன்னா அதிகாரிகள் முகம் சுளிப்பாங்க. அதனால, வீணாகும் சக்தியைத் திரும்பப் பிடிக்கிறோம், இது எரிபொருள் சிக்கனம்னு சொல்லித்தான் டர்போவுக்கு அனுமதி வாங்கினாங்க. நம்மூர்ல மாமியார் கிட்ட புதுப்புடவையை தள்ளுபடியில வாங்கினதா சொல்ற டெக்னிக். :-)

மாட்டுக்கொட்டகை

கம்பெனிகள் டர்போ போடறதுக்கு முன்னாடியே வெளியாட்கள் போட ஆரம்பிச்சுட்டாங்க. யமஹாவில் பொறியாளரா இருந்த ஹிரோயுகி ஹசெகாவா, 1973ல கிடகாவா என்ற கூட்டாளியோட ஃபுஜி மலையடிவாரத்தில் ஒரு பால் பண்ணைக் கொட்டகையில் என்ஜின் வேலை ஆரம்பிச்சார். முதல் போட்ட கம்பெனி சிக்மா. மூணு பேரோட முதலெழுத்தும் சேர்ந்தது ஹெச்கேஎஸ். அடுத்த வருஷமே, 1974ல, பயணிகள் காரில் மாட்டறதுக்கான டர்போ கிட்டை அவங்க விற்பனைக்குக் கொண்டு வந்துட்டாங்க.

1981ல 'ஆப்ஷன்' என்ற பத்திரிகை வந்தது. அதன் ஆசிரியர் டாய்ஜிரோ இனாடா எழுதறதோட நிக்காம, யாடபே சோதனைத் தடத்தில் தானே உட்கார்ந்து மணிக்கு 300 கிமீ தொடப் பார்த்தவர். 1983ல ஹெச்கேஎஸ் உருவாக்கின டொயோட்டா செலிகா அங்கே 300ஐத் தாண்டியது. இத்தனைக்கும் ஜப்பானில் அப்போ காரை மாத்தியமைக்கிறது பெரிய தலைவலி. ஷாக்கென் என்ற கட்டாயச் சோதனையில் சின்ன மாற்றம் இருந்தாலும் தனியா அனுமதி வாங்கணும். அமெரிக்காவோட நடந்த கார் உதிரிபாகப் பேச்சுவார்த்தையும் சேர்ந்து அழுத்த, 1995ல தான் இந்த விதிகள் தளர்ந்தன. ரொம்ப நாளா திருட்டுத்தனமா நடந்த தொழில், கடை போர்டு மாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தது அதுக்கப்புறம்தான்.

மேலே ஒப்பந்தம், கீழே பந்தய விதி

இப்போ 280க்கு வருவோம். 1970ல ஜப்பானில் சாலை விபத்தில் செத்தவங்க 16,765 பேர். கடுமையான நடவடிக்கைகளால அந்த எண்ணிக்கை பாதியா குறைஞ்சு, திரும்ப ஏறி, 1988ல பத்தாயிரத்தைத் தாண்டிடுச்சு. அதே நேரத்தில் கம்பெனிகளுக்குள்ள குதிரை எண்ணிக்கைப் போட்டி. அரசாங்கம் சட்டம் எதுவும் போடலை. கம்பெனிகளே கூடிப்பேசி, 280க்கு மேல போகமாட்டோம்னு கட்டுப்பாடு வெச்சுக்கிட்டாங்க. 1989ல வந்த நிஸான் ஃபேர்லேடி இசட்தான் அந்த உச்சவரம்பைத் தொட்ட முதல் கார். மணிக்கு 180 கிமீக்கு மேல போகாம தடுக்கற பூட்டும் உண்டு. இதைத்தான் ஜென்டில்மேன் ஒப்பந்தம்னு சொல்வாங்க.

சரி, 280 குதிரைக்கு என்ஜின் செய்யணும்னா 300 தாங்கற மாதிரி செஞ்சாப் போதுமே, எதுக்கு 500, 600 தாங்கற இரும்பைப் போட்டாங்க? இங்கதான் விஷயமே இருக்கு.

அப்போ சர்வதேசப் பந்தயங்களில் குரூப் ஏ என்ற பிரிவு இருந்தது. அதுல ஓடணும்னா, அந்தக் காரைப் பொதுமக்களுக்கு ஆயிரக்கணக்கில் தயாரிச்சு விற்கணும். முக்கியமான பாகங்களைப் பந்தயத்துக்குன்னு தனியா செஞ்சுக்க முடியாது. கடையில விற்கற காரில் இருக்கறதுதான் பந்தயத்திலும் இருக்கணும். ஆக, பந்தயத்தில் ஜெயிக்கணும்னா கடைக்காரிலேயே பந்தய இரும்பைப் போட்டாகணும்.

1989 ஸ்கைலைன் ஜிடி-ஆர் என்ஜின் 2568 சிசி. எதுக்கு இந்த விநோதமான எண்? டர்போ இருந்தா பந்தய விதிப்படி கொள்ளளவை 1.7ஆல பெருக்கணும். பெருக்கினா 4366 வரும். 4500 சிசி பிரிவுக்குள்ள கச்சிதமா உட்காரும். என்ஜினோட அளவையே பந்தயப் புத்தகம்தான் முடிவு பண்ணியிருக்கு. அந்தக் கார் பந்தயத்தில் 500 குதிரைக்கு மேல காட்டியது. 1990லிருந்து 1993 வரை ஜப்பான் போட்டித் தொடரில் ஓடின 29 பந்தயத்தில் 29லும் வெற்றி. அதே இரும்புக் கட்டை, கடையில வாங்கினா 280.

மேலே ஒரு ஒப்பந்தம் அமுக்குது, கீழே ஒரு பந்தய விதி தூக்குது. நடுவுல இருக்கற இடைவெளி இருக்கே, அதுதான் கம்மி பட்ஜெட்காரனுக்குக் கிடைச்ச சொத்து. வேற எந்த நாட்டிலயும், வேற எந்தக் காலத்திலயும் இந்த ரெண்டும் இப்படி ஒண்ணா அமையலைங்கறது என் எண்ணம்.

தொழிற்சாலையே எழுதின பட்டியல்

அந்த ரப்பர் டியூபுக்கு வருவோம். ஜிடி-ஆரில் அந்த டியூபுக்குள்ள சின்னத் துளை போட்ட உலோகத் துண்டு ஒண்ணு சொருகியிருக்கும். அதை எடுத்துட்டா அழுத்தம் 0.7 பாரிலிருந்து 0.9க்கு மேல போயிடும். கணக்குப் போட்டுப் பாருங்க. வெளிக்காத்தோட 1 பாரையும் சேர்த்தா 1.7 இருந்த இடத்தில் 1.9. சுமார் 12 சதவீதம் காத்து கூடுது. செலவு? ஒரு குறடு, அஞ்சு நிமிஷம். பைசா செலவில்லாம குதிரை!

இதைக் கேட்டதும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க.

டொயோட்டா சுப்ராவை எடுத்துக்கோங்க. 1993ல ஜப்பானில் 280. அதே கார் அமெரிக்காவில் 320. அங்கே ஒப்பந்தம் கிடையாது. வித்தியாசம் வெறும் அழுத்தம் மட்டும்தானான்னு பார்த்தா, இல்லை. ஏற்றுமதி காரில் பெட்ரோல் பீய்ச்சற இன்ஜெக்டர் பெருசு. ஜப்பானில் 440 சிசி, அங்கே 550 சிசி. டர்போ சக்கரமும் வேற. ஜப்பான் காரில் பீங்கான் வகை, ஏற்றுமதி காரில் உலோகம். பீங்கான் எடை கம்மி, சீக்கிரம் சுழலும், காரும் சட்டுனு பாயும். ஆனா அழுத்தமும் சூடும் எல்லை மீறினா உடைஞ்சுடும். ஜிடி-ஆரிலும் பீங்கான்தான், 1 பாரைத் தாண்டி அடிச்சா சக்கரம் கழண்டு பறந்த கதைகள் ஏராளம். பந்தயத்துக்குன்னு வந்த என்1 வகையில நிஸானே உலோகச் சக்கரம் போட்டுச்சு.

இதை எத்தனை பேர் கவனிச்சாங்கன்னு தெரியலை. 40 குதிரை கூட்டணும்னு வந்தப்போ, டொயோட்டா பெட்ரோலையும் கூட்டி, சக்கரத்தையும் மாத்தியிருக்கு. கையில கோடிக்கணக்கில் பணமும், பரிசோதனைக்கூடமும், நூத்துக்கணக்கான பொறியாளர்களும் இருக்கற கம்பெனியே டியூபை மட்டும் கழட்டிட்டுப் போகலை. அப்போ நாம?

காத்து மட்டும் கூடி பெட்ரோல் கூடலைன்னா உள்ளே சூடு ஏறும். கலவை தானா முன்கூட்டியே வெடிக்கும். அதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பாங்க. கொஞ்ச நேரம் அப்படி ஓடினாலே பிஸ்டன் ஓட்டையாகும். இதைத் தடுக்கத்தான் கம்பெனி கம்ப்யூட்டர், காத்து அளவு மீறினதும் பெட்ரோலை நிறுத்திடும். கார் குலுங்கி முழிக்கும். இந்தக் காவல்காரனை ஏமாத்தறதுக்குன்னே 'ஃப்யூயல் கட் டிஃபென்சர்'னு ஒரு சின்னப் பெட்டி வித்தாங்க. மலிவு. காத்து அவ்வளவெல்லாம் வரலைன்னு கம்ப்யூட்டர் கிட்ட பொய் சொல்லும். தேவையான பெட்ரோலும் இன்ஜெக்டரும் கூட இருந்தா அதுக்கு அர்த்தம் உண்டு. அது மட்டும் தனியா இருந்தா, வீட்டுல புகை அலாரம் அடிக்குதுன்னு பேட்டரியைக் கழட்டற கதைதான்.

பாதி கார்

ஜப்பானில் ஷாக்கென் சோதனைச் செலவு அதிகம். 1995 வரைக்கும் பத்து வயசு தாண்டின காருக்கு வருஷா வருஷம் சோதனை. அதனால நல்லா ஓடற காரையே ஜனங்க தள்ளிவிட்டாங்க. அதெல்லாம் கப்பலேறி வெளிநாடு போச்சு. சிலது முழுசா, சிலது பாதியா. இந்தப் பாதியைத்தான் மலேசியாவில் 'ஹாஃப் கட்' என்பாங்க. காரை நடுவுல அறுத்து முன்பாதியை மட்டும் இறக்குமதி பண்றது. என்ஜின், கியர்பாக்ஸ், ஒயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் அதுலயே வந்துடும்.

மலேசியாவோட புரோட்டான் வீரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையா வெச்சு 1993ல வந்த கார். அதே லான்சர் குடும்பத்தில் பிறந்ததுதான் எவல்யூஷன் 1, 2, 3. ஆக, குடும்பக் காருக்குள்ள உலக ரேலி என்ஜின் உட்கார்றது அங்கே சாதாரணம். 4ஜி63 என்ற அந்த என்ஜின் 1997 சிசி, வார்ப்பிரும்புக் கட்டை. 1992ல 250 குதிரை, பிறகு 260, 270, 1996ல 280. அங்கே நின்னுடுச்சு, ஒப்பந்தம்! பிரிட்டனில் மட்டும் 2004ல இதே குடும்பத்து என்ஜினை வெச்சு எஃப்க்யூ-400னு 400 குதிரை காரையே அதிகாரபூர்வமா வித்தாங்க. (நம்ம திருவள்ளூர் தொழிற்சாலையிலும் 1998லிருந்து லான்சர் தயாரிச்சாங்க. ஆனா அது டர்போ இல்லாத சாது. பேர் ஒண்ணு, ஆள் வேற.)

கிள்ளான்ல இருக்கற நண்பர் ஒருத்தர் போன மாசம் கேட்டார். "அண்ணே, ஹாஃப் கட் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். கையில இருக்கற காசுக்கு முதல்ல பெரிய டர்போ போடவா, இல்ல பூஸ்ட் கன்ட்ரோலர் போதுமா?"

"ரெண்டும் வேண்டாம் தம்பி, முதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட் எடு"ன்னேன். போன்ல அந்தப் பக்கம் சத்தமே இல்லை. :-)

நூறு ரூபாய்க் கணக்கு

அவருக்கு எழுதி அனுப்பினதையே இங்கேயும் தர்றேன். மொத்த பட்ஜெட்டை நூறு ரூபாய்னு வெச்சுக்குவோம்.

முதல் 30 ரூபாய், இருக்கறதை நேராக்க. வயசான என்ஜின் இது. எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமா இருக்கான்னு பார்க்கணும். டைமிங் பெல்ட்டோட பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டையும் சேர்த்து மாத்தணும். 4ஜி63ல அந்தச் சின்ன பெல்ட் அறுந்தா பெரிய பெல்ட்டையும் இழுத்துக்கிட்டுப் போகும், வால்வு எல்லாம் வளைஞ்சிடும். ஆயில், பிளக், ரேடியேட்டர், பழைய ரப்பர் டியூப்கள் எல்லாம் இதுல வரும். காத்து கசியற டியூபை மாத்தினாலே தொலைஞ்சு போன பல குதிரைகள் திரும்பி வரும்.

அடுத்த 10, கண்ணுக்கு. பூஸ்ட் மீட்டர், கலவை அளவைக் காட்டற ஏர்-ஃப்யூயல் மீட்டர். இது இல்லாம அழுத்தம் கூட்டறது கண்ணைக் கட்டிக்கிட்டு மாடிப்படி இறங்கற மாதிரி.

அடுத்த 25, பெட்ரோலுக்கும் மூளைக்கும். மணிக்கு 255 லிட்டர் தள்ளற பெட்ரோல் பம்ப், அதோட விஷயம் தெரிஞ்ச ஆள்கிட்ட ஈசியூ ட்யூனிங். ஒரு முக்கியமான சமாச்சாரம், ஜப்பானில் ஹை-ஆக்டேன்னு விற்கறது பெரும்பாலும் 100 ஆக்டேன். இந்த என்ஜின்களோட கணக்கெல்லாம் அந்த மாதிரி பெட்ரோலுக்கு எழுதினது. நம்ம ஊர்களில் பம்ப்பில் சாதாரணமா கிடைக்கறது 91, 95. அழுத்தத்தைக் கூட்டறதுக்கு முன்னாடியே, ஏற்கனவே இருந்த பாதுகாப்பில் கொஞ்சம் போயாச்சு. அதனால உங்க ஊர் பெட்ரோலை ஊத்தித்தான் ட்யூன் பண்ணணும்.

அடுத்த 10, மூச்சு விட. அடைப்பில்லாத எக்ஸாஸ்ட், நல்ல ஃபில்டர். டர்போ காருக்கு வெளியேற்றம் சுலபமானா அழுத்தம் சீக்கிரம் ஏறும். இதெல்லாம் முடிஞ்சப்புறம் பூஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டிக்கலாம். அதுக்குத் தனிச்செலவு கிட்டத்தட்ட இல்லை.

அடுத்த 15, கிளட்ச், பிரேக், டயர். குடும்பக் காருக்கு வந்த பிரேக் குடும்பத்தைத்தான் நிறுத்தும், 280 குதிரையை நிறுத்தாது. ஹாஃப் கட் வாங்கறவங்க அதுலயே வர்ற பெரிய பிரேக்கையும் மாத்திக்கணும், வித்துடக் கூடாது. உண்மையைச் சொன்னா, பட்ஜெட் இடிச்சா நான் எக்ஸாஸ்ட்டைத்தான் வெட்டுவேன், இதுல கை வைக்க மாட்டேன்.

மிச்சம் 10, தொடாம வெச்சுக்க. கண்டிப்பா ஏதாவது உடையும். :-)

பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர், பெரிய இன்டர்கூலர் எல்லாம் அடுத்த நூறு ரூபாய்க் கதை. அதோட காகிதச் செலவையும் மறக்காதீங்க. என்ஜின் மாத்தினா பதிவுத் துறையில மாத்தணும், இன்ஷூரன்ஸ்லயும் சொல்லணும். மலேசியாவிலும் சாலை வரி கொள்ளளவை வெச்சுத்தான். 1.3 லிட்டர் காருக்குள்ள 2 லிட்டர் போட்டா வரியும் ஏறும். டர்போவைப் பிறக்க வெச்ச அதே வரி!

கடைசியா

2004ல ஜப்பான் கம்பெனிகள் அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டாங்க. அதே வருஷம் 300 குதிரையோட வந்தது ஹோண்டா லெஜண்ட், டர்போ கூட இல்லாத கார். 2007ல நிஸான் ஜிடி-ஆர் 480 குதிரையோட வந்துச்சு. மறைச்சு வைக்க வேண்டிய அவசியம் போனதும், ரப்பர் டியூபில் இலவசமா ஒளிஞ்சிருந்த குதிரைகளும் விலைப்பட்டியலுக்கு வந்துட்டாங்க. அமெரிக்காவில் 25 வயசான காரைத் தாராளமா இறக்குமதி செய்யலாம்னு ஒரு விதி இருக்கு. அதன்படி 2014ல முதல் ஆர்32 ஜிடி-ஆர்கள் அங்கே போக ஆரம்பிச்சதும், அந்தப் பழைய கார்களோட விலையும் எங்கேயோ போயிடுச்சு.

அதனால இன்னிக்கு ஒருத்தர் கிட்ட அந்தக் காலத்து என்ஜின் ஒண்ணு முழுசா இருந்தா, அது திரும்பச் செய்ய மாட்டாங்கன்னு தெரிஞ்ச ஒரு பொருள். பூஸ்ட் கூட்டறதுக்கு முன்னாடி இதை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. இடைவெளி விட்டு வெச்சவங்க அதுக்குள்ள எவ்வளவு தூரம் போகலாம்னும் சேர்த்தே காட்டிட்டுப் போயிருக்காங்க. சுப்ராவோட ரெண்டு இன்ஜெக்டர் அளவையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, பதில் அங்கேயே இருக்கு.

உங்க கிட்டயோ உங்க ஊர்லயோ இந்த மாதிரி கார் ஓடிக்கிட்டு இருந்தா சொல்லுங்க. முதல் செலவு எதுக்குப் பண்ணீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. ஸ்டிக்கருக்குன்னு சொன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன். :-)